என்எஃப்7-எஸ் போர்டில் ரேம் வோல்டேஜை 2.9-க்கு மேல ஏத்த சால்டரிங் மாட்: விளக்கம் வேணும்

பார்ட்டன்பிரியன்

வணக்கம் நண்பர்களே. பழைய சாக்கெட் ஏ சிஸ்டம் ஒண்ணை மறுபடி ஓட வச்சிருக்கேன். ஆபிட் என்எஃப்7-எஸ் ரிவிஷன் 2.0 மதர்போர்டு (என்ஃபோர்ஸ்2 சிப்செட்), மொபைல் பார்ட்டன் 2500+ ப்ராசஸர், 256 எம்பி டிடிஆர் ரேம் ஸ்டிக் ரெண்டு, டூயல் சேனல். எஃப்எஸ்பி (பஸ் வேகம், மெகாஹெர்ட்ஸ்ல) 200-ல 2-2-2 டைமிங்கோட (ரேம் எடுத்துக்கிற கிளாக் எண்ணிக்கை, குறைஞ்சா நல்லது) அசையாம நிக்குது, 215 வரைக்கும் பிரச்சினை இல்ல. 225 வச்சா மெம்டெஸ்ட்ல (ரேமைச் சோதிக்கிற புரோகிராம்) அஞ்சாவது டெஸ்ட் வந்ததும் எரர் கொட்ட ஆரம்பிச்சிடுது. பயாஸ்ல ரேம் வோல்டேஜ் 2.9-தான் கடைசி. அதையும் வச்சுப் பார்த்தாச்சு.

இணையத்துல பழைய மாட் (போர்டுல நாமளே பண்ற மாற்றம்) படங்கள் கிடைக்குது. எல்லாத்துலயும் "இந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு வேரியபிள் ரெசிஸ்டர் வை"ன்னு ஒரு அம்புக்குறி மட்டும்தான் இருக்கு. ஏன் அந்தக் கால், எத்தனை ஓம், கிரவுண்டுக்கு ஏன் போகணும், எதுவும் இல்ல. புரியாம போர்டு மேல சூடு வைக்க மனசு வரல. 25 வாட் அயர்னும் டிஜிட்டல் மீட்டரும் கைவசம் இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லித் தாங்க.

ஓம்விதி

தம்பி, அயர்னைச் சூடு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ஸ்டிக்ல உள்ள சிப் எது? அதைப் பொறுத்துதான் இந்த மாட் உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னே முடிவு பண்ணணும்.

டிடிஆர்-க்கு ஜெடெக் (மெமரி தரநிலை வைக்கிற அமைப்பு) வச்ச அளவு 2.5 வோல்ட், டிடிஆர்400-க்கு மட்டும் 2.6. அதுக்கு மேல குடுத்தா எல்லா சிப்பும் ஒரே மாதிரி நடந்துக்காது. வின்பாண்ட் பிஎச்-5-னு ஒரு சிப் இருந்தது. 2003-லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அதுக்கு வோல்டேஜ் குடுக்கக் குடுக்க 2-2-2 டைமிங்கை விடாம மேல ஏறும். 3.2, 3.3-லாம் அந்தக் காலத்து ஆளுங்க சாதாரணமா குடுத்தாங்க. அதே வின்பாண்டோட சிஎச்-5-க்கும் வோல்டேஜ் பிடிக்கும், ஆனா டைமிங்ல நடு எண்ணான டிஆர்சிடி 2-ல வேகமா ஓடாது, 3 வச்சாகணும்.

சாம்சங் டிசிசிடி இதுக்கு நேர் எதிர். 2.6-லிருந்து 2.8-க்குள்ள வச்சு டைமிங்கை 2.5-3-3-னு தளர்த்தி விட்டா 250-ஐத் தாண்டி ஓடும். அதுக்கு 3 வோல்ட் குடுத்தா வேகம் கூடாது, சூடு மட்டும் கூடும். அந்த சிப்புக்காக இந்த மாட் பண்றது வீண் வேலை.

பார்ட்டன்பிரியன்

அண்ணா, ஹீட் ஸ்ப்ரெடர் மேல ஒட்டியிருக்கு. கழட்டினா சிப்பும் சேர்ந்து பிஞ்சு வந்துடுமோன்னு பயமா இருக்கு.

ஈயம்அக்கா

பச்சையா நெம்பாதீங்க தம்பி. ஹேர் டிரையரை ரெண்டு மூணு நிமிஷம் காட்டுங்க, பசை இளகும். அப்புறம் ஒரு ஓரத்துல பழைய ஏடிஎம் கார்டை நுழைச்சு, ஸ்டிக்கோட நீளவாட்டுல மெதுவா தள்ளுங்க. மேல தூக்கக் கூடாது. நேரா தூக்கினா சிப்போட கால்ல இருக்குற ஈயம் விட்டுடும். கழட்டாமலே ஸ்ப்ரெடர் இடுக்குல டார்ச் அடிச்சுப் பார்த்தாலும் சில நேரம் எண் தெரியும், முதல்ல அதைப் பாருங்க.

பார்ட்டன்பிரியன்

அக்கா சொன்ன மாதிரியே வந்துடுச்சு, ரொம்ப நன்றி. சிப் மேல "டபிள்யூ942508பிஎச்-5"-னு இருக்கு. அப்போ பிஎச்-5 தானே?

ஓம்விதி

அதேதான். பத்திரமா வச்சுக்குங்க, இனிமே யாரும் இதைச் செய்யப் போறதில்ல. இப்போ மாட் பத்திப் பேசலாம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், நிதானமா படிங்க.

ரேமுக்குக் கரண்ட் குடுக்குற ரெகுலேட்டருக்கு, தான் எத்தனை வோல்ட் விடுறோம்னு நேரடியா தெரியாது. அதுக்குள்ள நிலையான ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் இருக்கு, நிறைய சிப்ல 0.8 வோல்ட். வெளிய போற வோல்டேஜை ரெண்டு ரெசிஸ்டர் வழியா பிரிச்சு, ஒரு பங்கை ஃபீட்பேக் காலுக்குத் திருப்பி அனுப்புவாங்க. அந்தக் கால்ல 0.8 வர்ற வரைக்கும் ரெகுலேட்டர் வெளியீட்டை ஏத்தும் இறக்கும். மேல்நிலைத் தொட்டி மிதவை மாதிரி நினைச்சுக்கலாம். மிதவையைக் கொஞ்சம் கீழ இழுத்துக் கட்டினா, தொட்டி நிறையலைன்னு நினைச்சு வால்வு இன்னும் தண்ணி விடும். ஃபீட்பேக் காலிலிருந்து கிரவுண்டுக்கு நாம ஒரு ரெசிஸ்டர் வைக்கிறது அந்த இழுத்துக் கட்டுறதுதான். ரெகுலேட்டர் தன் வேலையைத்தான் செய்யுது, அதுக்குக் கிடைக்கிற தகவலை மட்டும் நாம மாத்துறோம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்குத்தான், உங்க போர்டோட எண்கள் வேற மாதிரி இருக்கும். மேல் ரெசிஸ்டர் 2.25 கிலோ ஓம், கீழ் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம்னு வைங்க. வெளியீடு = 0.8 × (1 + 2.25/1) = 2.6 வோல்ட். கீழ் ரெசிஸ்டருக்கு இணையா 6 கிலோ ஓம் வச்சா அது 0.857 ஆகும், வெளியீடு 2.9. 4.5 கிலோ ஓம் வச்சா 3.0. 3 கிலோ ஓம் வச்சா 3.2. ஓம் குறையக் குறைய வோல்டேஜ் ஏறுது. முதல்ல மெதுவா ஏறும், கடைசியில பாயும். 18 கிலோ ஓம்ல 2.7 தான் வரும், ஆனா 3-க்குக் கீழ ஒவ்வொரு நூறு ஓமும் உறைக்கும். ஒரு ட்ரிம்பாட்டை (திருகித் திருப்புற வேரியபிள் ரெசிஸ்டர்) மட்டும் வச்சுத் திருப்புறவங்க கடைசியில மாட்டிக்கிறது இதனாலதான். பாட் சுழியத்துக்குப் போனா ஃபீட்பேக் கால் நேரா கிரவுண்டுல நிக்கும், ரெகுலேட்டர் முழுசா திறந்துடும், ரேம் போயிடும்.

அதனால பாட்டோட தொடரா ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம் வேணும். மேல சொன்ன உதாரணத்துல 3.3 கிலோ ஓம் தொடரா வச்சா, பாட்டைச் சுழியம் வரைக்கும் திருப்பினாலும் 3.15 வோல்ட்டைத் தாண்டாது. அதான் உங்க உச்சவரம்பு.

எந்தக் கால்னு படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ரேம் ஸ்லாட் பக்கத்துல இருக்குற ரெகுலேட்டர் சிப்போட எண்ணைப் படிங்க, டேட்டாஷீட்டை எடுங்க, எஃப்பி-ன்னு (ஃபீட்பேக்) போட்ட கால் எதுன்னு பாருங்க. ஒரே மாடல் போர்டுலயே ரிவிஷன் மாறினா பாகம் மாறியிருக்கலாம்.

கிராஃபைட்

ப்ரோ இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 2பி பென்சிலை எடுத்து கீழ் ரெசிஸ்டர் மேல நாலு தேய் தேய்ங்க, வேலை முடிஞ்சுது. கிராஃபைட் தானே இணை ரெசிஸ்டர். பிடிக்கலைன்னா ஸ்பிரிட்ல துடைச்சா போயிடும். சால்டரிங் இல்ல, போர்டுல தழும்பு இல்ல.

ஈயம்அக்கா

கிராஃபைட் தம்பி, பென்சில் வேலை செய்யும்கிறதை நான் மறுக்கல. சும்மா ஒரு சாயங்காலம் சிப் வோல்டேஜுக்கு ஏறுதான்னு பார்க்கிறதுக்கு அது போதும். நிரந்தரமா விட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்றேன். அந்தக் கோடு சூட்டுல மாறும், ஈரத்துல மாறும், ஃபேன் காத்துல தூள் உதிரும். இன்னைக்கு 3.1 காட்டினது ரெண்டு மாசம் கழிச்சு என்ன காட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதோட பக்கத்து ரெசிஸ்டர் மேலயும் தூள் விழும். அந்தப் பகுதியில ரெசிஸ்டருங்க எள்ளு மாதிரி நெருக்கமா இருக்கும். இனிமே கிடைக்காத பிஎச்-5-ஐ அதை நம்பி மாட்ட எனக்கு மனசு வராது.

பார்ட்டன் தம்பி, சால்டரிங் பக்கம் நான் சொல்றேன்.

25 சுத்து ட்ரிம்பாட் வாங்குங்க, ஒரு சுத்து பாட் வேண்டவே வேண்டாம். சென்னை ரிச்சி தெருவுல எந்தக் கடையிலயும் கிடைக்கும். மதிப்பு எவ்வளவுன்னா, பவரை முழுசா கழட்டிட்டு எஃப்பி காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. வர்ற எண் கீழ் ரெசிஸ்டரோட அசல் மதிப்பா இருக்காது, மத்த பாதைகளும் சேர்ந்து குறைச்சுக் காட்டும், ஆனாலும் ஒரு அடிப்படைக்கு ஆகும். அதுல சுமார் இருபது மடங்கு பாட் எடுத்துக்குங்க. அப்போதான் முழு ஓம்ல வச்சு ஆன் பண்ணும்போது வோல்டேஜ் சொற்பமாத்தான் கூடியிருக்கும்.

பாட்டுக்கு மூணு கால். நடுக்காலை ஒரு ஓரக் காலோட சேர்த்து ஈயம் வச்சிடுங்க. உள்ள ஓடுற முனை எப்பவாவது தொடர்பு விட்டுச்சுன்னா ஓம் உச்சத்துக்குப் போகும், வோல்டேஜ் இறங்கும். சிஸ்டம் தொங்கும், ஆனா எதுவும் எரியாது. சேர்க்காம விட்டா பாதை மொத்தமா அறுந்து, வோல்டேஜ் மாட் இல்லாத அளவுக்கே சட்டுனு விழும்.

நிலையான ரெசிஸ்டரை எஃப்பி கால் பக்கம் வைங்க, பாட் கிரவுண்டு பக்கம். எஃப்பி காலுக்கு வர்ற ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, அந்த இடம் இரைச்சலை இழுத்துக்கும். ஒயர் முடி மாதிரி மெல்லிசா இருக்கணும். கெட்டியான ஒயரைப் போட்டீங்கன்னா, பாட்டைத் திருப்புறப்போ ஒயர் இழுத்து சிப்போட காலையே பேத்துடும். ஃபிளக்ஸ் தடவி, ஒயர் நுனியில முன்னாடியே ஈயம் பூசிட்டு, காலைத் தொட்டு ஒரு விநாடி, அவ்வளவுதான். பாட்டை ஹாட் க்ளூ போட்டு போர்டுல நிறுத்துங்க. ஒயர் மேலயும் ஒரு சொட்டு.

கெப்பாசிட்டர்காரன்

எல்லாரும் மாட் பத்தியே பேசுறீங்க, போர்டோட வயசை யாரும் கேக்கல. 2003 சுத்தி வந்த போர்டுகள்ல எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் ஊதி ஒழுகுறது பெரிய தொல்லை. தலை தட்டையா இருக்கா, அடியில பழுப்புக் கறை இருக்கான்னு ரேம் ஸ்லாட் ஓரத்துல உள்ளதையும் சிபியு பக்கத்துல உள்ளதையும் ஒண்ணொண்ணா பாருங்க. தலை தட்டையா இருந்தாலே நல்லதுன்னு அர்த்தமில்ல, உள்ளயே காஞ்சிருக்கலாம். ரிப்பிள் (வோல்டேஜ்ல வர்ற சின்ன அலை) அதிகமானா 225-ல வர்ற எரருக்கு அதுவே காரணமா இருக்கலாம். முதல்ல 6.3 வோல்ட் லோ-இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைஞ்ச) கெப்பாசிட்டர் வாங்கி மாத்துங்க, அப்புறம் மாட் வேணுமான்னு பாருங்க. ஒருவேளை தேவையே படாது.

ஓம்விதி

கெப்பாசிட்டர்காரன் சொல்றது முழுக்க சரி. நான் அதை முதல்லயே எழுதியிருக்கணும்னு தோணுற அளவுக்கு முக்கியம்.

இன்னொண்ணும் சேர்த்துக்கிறேன். வோல்டேஜ் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அந்தக் காலத்துப் பல போர்டுகள்ல ரேம் வோல்டேஜை 3.3 வோல்ட் ரெயிலிலிருந்து ஒரு மாஸ்பெட் (பவர் டிரான்சிஸ்டர்) வழியா நேர்கோட்டு முறையில, அதாவது மிச்ச வோல்டேஜை வெப்பமா விட்டு, இறக்குவாங்க. 3.3-லிருந்து 3.3 எடுக்க முடியாது. மாஸ்பெட்லயும் பாதையிலயும் கொஞ்சம் விழும், அதனால 3.1-க்கு அப்புறம் பாட்டை எவ்வளவு திருப்பினாலும் ஒண்ணும் நடக்காது. ஓசிஇசட் பவர்ஸ்ட்ரீம் மாதிரி எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) 3.3 ரெயிலையே ஏத்த திருகு வச்சது இதுக்காகத்தான்.

நான்குதிரி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். போர்டைத் தொடாமலே செய்ய ஓசிஇசட் டிடிஆர் பூஸ்டர்னு ஒண்ணு இருந்ததே? காலியா இருக்குற ரேம் ஸ்லாட்ல செருகுறது. இல்லன்னா டிஎஃப்ஐ லான்பார்ட்டி என்ஃபோர்ஸ்4 போர்டுக்கே மாறிடலாம். அதுல ஜம்பரை 5 வோல்ட்டுக்கு மாத்தினா பயாஸ்லயே 4 வோல்ட் வரைக்கும் இருக்கு. பிஎச்-5-க்காகவே செஞ்ச போர்டு மாதிரி.

ஓம்விதி

பூஸ்டர் கிடைச்சா நல்லதுதான், இப்போ தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். டிஎஃப்ஐ பத்தி ரெண்டு விஷயம். முதலாவது சூடு. 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு நேர்கோட்டு முறையில இறக்கினா, 5 ஆம்பியர் ஓடுறப்போ மாஸ்பெட்ல மட்டும் 8.5 வாட் வெப்பமாகும். ஃபேன் இல்லாம முடியாது. ரெண்டாவது, அது அத்லான் 64 போர்டு. அதுல மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ள இருக்கு. நீங்க ரேமுக்குக் குடுக்குற வோல்டேஜ் ப்ராசஸரோட கால்களுக்கும் போகுது. என்ஃபோர்ஸ்2-ல கன்ட்ரோலர் நார்த்பிரிட்ஜ்ல (போர்டுல இருக்குற தனி சிப்), அதனால பார்ட்டன் ப்ராசஸருக்கு இதுல ஆபத்து இல்ல. 2008-ல கோர் ஐ7 வந்தப்போ, டிடிஆர்3-க்கு 1.65 வோல்ட்டைத் தாண்டாதீங்கன்னு இன்டெல் எச்சரிச்சதும் இதே காரணத்துக்காகத்தான்.

புதுச்சிலிக்கான்

அண்ணா, என்கிட்ட டிடிஆர்5 சிஸ்டம் இருக்கு. இதே மாதிரி மதர்போர்டுல ஃபீட்பேக் மாட் பண்ணலாமா?

ஓம்விதி

முடியாது தம்பி, அந்த ரெகுலேட்டரே போர்டுல இல்ல. டிடிஆர்5-ல பிஎம்ஐசி (வோல்டேஜைக் கட்டுப்படுத்துற பவர் சிப்) ஸ்டிக் மேலயே வந்துடுச்சு. போர்டு 5 வோல்ட் குடுக்கும், 1.1 வோல்ட்டை ஸ்டிக்கே உண்டாக்கிக்கும். பிஎம்ஐசி பூட்டின வகையா இருந்தா 1.43 சுத்தி நின்னுடும், திறந்த வகையா இருந்தா பயாஸ்லயே மேல போகலாம். வாங்கும்போதே எந்த வகைன்னு விசாரிச்சு வாங்குங்க.

பார்ட்டன்பிரியன்

கெப்பாசிட்டர்ல ரெண்டு லேசா உப்பியிருந்தது, ஸ்லாட் பக்கம் எல்லாத்தையும் மாத்திட்டேன். 215-லிருந்து 219 ஆச்சு, 225 இன்னும் எரர்தான். அதனால மாட் போட்டாச்சு. டேட்டாஷீட் பார்த்து எஃப்பி காலைக் கண்டுபிடிச்சேன். இன்னும் ஆன் பண்ணல. எந்த வரிசையில செய்யணும்?

ஈயம்அக்கா

முதல்ல ரேம் இல்லாம ஆன் பண்ணுங்க. நிறைய போர்டுகள்ல ஸ்டிக் இல்லைன்னாலும் ஸ்லாட்டுக்கு வோல்டேஜ் வரும். ஸ்லாட் ஓரத்துல இருக்குற கெப்பாசிட்டரோட பிளஸ் கால்ல மீட்டரை வைங்க, கருப்பு முனை கேபினட் கிரவுண்டுல. பாட் முழு ஓம்ல இருக்கணும். பயாஸ் 2.6-ல இருக்கணும். 2.6-க்கு மேல ஒரு துளி காட்டினா சரி, 2.8 மாதிரி காட்டினா உடனே ஆஃப்.

ஸ்டிக் செருகுறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்குற சுவிட்சையே அணைச்சிடுங்க. ஷட்டவுன் பண்ணினாலும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் போர்டுல ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஓம்விதி

பயாஸை 2.6-ல வைக்கச் சொன்ன காரணத்தையும் சொல்லிடுறேன், இது முக்கியமான இடம். பயாஸ்ல நீங்க 2.9 தேர்ந்தெடுத்தா, பல போர்டுகள்ல அதுவும் இதே ஃபீட்பேக்ல இன்னொரு ரெசிஸ்டரை இணையாச் சேர்க்கிறதுதான். ரெண்டும் கூடும். என் உதாரணத்துல மாட் 3.0 குடுக்குது, பயாஸ் 2.9 குடுக்குது. ரெண்டும் ஒண்ணா இருந்தா 3.3 வரும். சிமாஸ் கிளியர் பண்ணி பயாஸை ரீசெட் செஞ்சாலும் மாட் போகாது, அது ஈயத்துல இருக்கு.

அப்புறம் விடிடி, அதாவது ரேம் சிக்னல் கோடுகளோட முனையில குடுக்குற டெர்மினேஷன் வோல்டேஜ். ரேம் வோல்டேஜுல சரிபாதி இருக்கணும், விரெஃப்-பும் (சிக்னலை ஒப்பிடுற ரெஃபரன்ஸ் வோல்டேஜ்) அப்படியே. பெரும்பாலும் தானா பின்தொடரும், சில போர்டுகள்ல பின்தங்கும். அப்படிப் பின்தங்கினா வோல்டேஜ் ஏத்த ஏத்த எரர் கூடும், காரணமே புரியாது. ஸ்லாட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையா இருக்குற குட்டி ரெசிஸ்டர் கூட்டத்துல விடிடியை அளக்கலாம். விரெஃப் 184 பின் ஸ்டிக்ல முதல் பின்.

பார்ட்டன்பிரியன்

ரேம் இல்லாம 2.63. ஸ்டிக் போட்டு மெதுவா திருப்பினேன். 3.0-ல விடிடி 1.50. 3.12-ல 1.56. பின்தொடருது!

225 மெம்டெஸ்ட் முழுசா எரர் இல்லாம முடிஞ்சது. 230-ம் ஓடுது, 2-2-2-11. டிராஸ் (டைமிங்ல அந்தக் கடைசி எண்) 11 வச்சா என்ஃபோர்ஸ்2-ல பேண்ட்விட்த் நல்லா வரும்னு படிச்சு வச்சேன், உண்மையிலயே 5-ஐ விட நல்லா வந்தது. சிப்செட் வோல்டேஜ் 1.7. நார்த்பிரிட்ஜ் மேல ஃபேன் மாத்தியிருக்கேன், ஸ்டிக் மேலயும் ஒரு 80 எம்எம் ஃபேன் ஊதுது. 235-ல மறுபடி எரர். பாட் இன்னும் மிச்சம் இருக்கு, 3.2-க்குப் போகட்டுமா?

ஓம்விதி

போறதுக்கு முன்னாடி மெம்டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு இடத்துல அளங்க. ரேம் வோல்டேஜ் எவ்வளவு, ஏடிஎக்ஸ் கனெக்டர்ல ஆரஞ்சு ஒயரோட (3.3 ரெயில்) பின்பக்கம் எவ்வளவு.

பார்ட்டன்பிரியன்

சும்மா இருக்கும்போது 3.12 காட்டுன ரேம், டெஸ்ட்ல 3.06-க்கு இறங்கி ஆடுது. ஆரஞ்சு ஒயர் 3.24.

ஓம்விதி

அப்போ எல்லைக்கு வந்துட்டீங்க. 3.24-லிருந்து இதுக்கு மேல எடுக்க மாஸ்பெட்டுக்கு இடமே இல்ல. பாட்டைத் திருப்பினா சும்மா இருக்கும்போது மட்டும் எண் ஏறும், சுமை வந்ததும் விழும். அந்த ஏற்ற இறக்கம்தான் 235-ல எரர். பாட்டைக் கொஞ்சம் பின்னாடி திருப்பி 3.04 மாதிரி வைங்க, சுமையிலயும் நகராம நிக்கிற இடம் எதுன்னு பாருங்க. நகராத 3.03, ஆடுற 3.12-ஐ விட ரேமுக்கு நல்லது. 240 வேணும்னா வழி எஸ்எம்பிஎஸ்லதான் இருக்கு, போர்டுல இல்ல.

பார்ட்டன்பிரியன்

3.04-ல வச்சேன், டெஸ்ட்ல 3.02. 229-ல ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடுச்சு, ஒரு எரர் இல்ல. அதுக்கப்புறம்தான் விண்டோஸுக்குள்ள போனேன், ப்ரைம்95 சோதனையும் நிக்குது. 240-க்கு இப்போதைக்கு ஆசை இல்ல. அண்ணா, அக்கா, கெப்பாசிட்டர்காரன் எல்லாருக்கும் மனசார நன்றி. பாட் சுத்தி க்ளூ போட்டுட்டேன், மாட் படம் நாளைக்கு ஏத்துறேன்.

ஈயம்அக்கா

சந்தோஷம் தம்பி. படத்துல எஃப்பி காலும் ரெகுலேட்டர் எண்ணும் தெளிவா தெரியுற மாதிரி எடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும். அப்புறம் போர்டுலயே, ஸ்லாட் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "மாட் உண்டு, பயாஸ்ல 2.6 மட்டும்"னு எழுதி வைங்க. நாளைக்கு இந்த போர்டு உங்க கையை விட்டுப் போனாலும், வாங்குறவர் 2.9 வச்சு ஸ்டிக்கை எரிச்சிடக் கூடாது.